ஆண்களுக்கான சருமப் பராமரிப்பு: மூன்று பொருள்கள் போதும், மருத்துவர் சொல்லாத ‘சிவப்பழகு’ கிரீம் வேண்டாம்

புதுடெல்லி: முகத்தைக் கழுவ மென்மையான ஒரு ஃபேஸ் வாஷ், சருமம் வறளாமல் காக்க ஒரு மாய்ஸ்சரைசர், பகலில் வெளியே செல்லும்போது பூசிக்கொள்ள ஒரு சன்ஸ்கிரீன். ஆண்களின் அன்றாடச் சருமப் பராமரிப்புக்கு இந்த மூன்றும் போதுமானவை. காலையில் ஐந்து நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் ஒதுக்கினால் இவற்றைச் செய்துவிடலாம். ஆனால் பலர் இந்த எளிய வழியை விட்டுவிட்டு, நண்பரோ மருந்துக் கடைக்காரரோ கூறிய டியூப் கிரீமை முகத்தில் பூசத் தொடங்குகின்றனர். வீண் செலவும் பாதிப்பும் பெரும்பாலும் அங்கிருந்தே ஆரம்பமாகின்றன.

ஆண்களின் சருமம் வேறுபட்டதா?

டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனின் தாக்கத்தால் ஆண்களின் தோல் பொதுவாகச் சற்றுத் தடிமனாகவும் எண்ணெய்ப்பசை மிகுந்தும் இருக்கும். அடிக்கடி சவரம் செய்வதால் தோலின் மேற்பரப்பு உராய்வுக்கும் உள்ளாகிறது. எனினும், இதற்காக ‘ஆண்களுக்கு மட்டும்’ என்று அச்சிடப்பட்ட பொருள்களைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. வாசனையும் உறையின் நிறமும் மாறினாலும், உள்ளிருக்கும் மூலப்பொருள்கள் பெரும்பாலும் ஒன்றே. சரும வகை ஒத்திருந்தால் வீட்டில் உள்ள அனைவரும் ஒரே மாய்ஸ்சரைசரையும் சன்ஸ்கிரீனையும் பகிர்ந்துகொள்ளலாம்.

முதல் படி: முகம் கழுவுதல்

காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, அதிகமாக வியர்த்த பிறகு ஒருமுறை முகம் கழுவினால் போதும். அடிக்கடி சோப்புப் போட்டுத் தேய்த்தால் எண்ணெய்ப்பசை குறையும் என்று கருதுவது தவறு. அதனால் தோல் வறண்டு எரிச்சலடையவே செய்யும்.

ஆரோக்கியமான தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. வழக்கமான சோப்புகளின் பி.எச். அளவு 9 முதல் 10 வரை இருப்பதால், அவை தோலின் பாதுகாப்புப் படலத்தைப் பாதிக்கக்கூடும். ஆகவே, முகத்துக்கு மென்மையான ஃபேஸ் வாஷே ஏற்றது. பருக்கள் உள்ளவர்கள் சாலிசிலிக் அமிலம் சேர்ந்த ஃபேஸ் வாஷைத் தேர்ந்தெடுக்கலாம்.

உடலுக்குச் சோப்பு வாங்கும்போது உறையில் ‘டி.எஃப்.எம்.’ என்று குறிப்பிடப்படும் மொத்தக் கொழுப்புப் பொருளின் சதவீதத்தைக் கவனிக்கலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி முதல் தரக் குளியல் சோப்பில் இது குறைந்தது 76 சதவீதம் இருக்க வேண்டும். ‘பாத்திங் பார்’ என்று விற்கப்படுபவை வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றில் இந்த அளவு இதைவிடக் குறைவாக இருக்கலாம்.

இரண்டாம் படி: ஈரப்பதம் காத்தல்

முகத்தைத் துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுமையாகக் காயும் முன்பே மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். கிளிசரின் அல்லது செராமைடு கலந்த, வாசனை சேர்க்காத எளிய கிரீம் போதுமானது. எண்ணெய்ப்பசைச் சருமத்துக்கு ஜெல் வகையும், வறண்ட சருமத்துக்குக் கெட்டியான கிரீமும் பொருந்தும். குளிர் கடுமையாக இருக்கும் வட மாநிலங்களில் உதடு, முழங்கை, பாத வெடிப்பு ஆகியவற்றுக்குப் பெட்ரோலியம் ஜெல்லியே மலிவான தீர்வு. தேங்காய் எண்ணெய் கை, கால் வறட்சிக்கு உதவும். ஆனால் பரு வரும் முகத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. அது துளைகளை அடைக்கக்கூடும்.

மூன்றாம் படி: வெயிலிலிருந்து பாதுகாப்பு

இந்திய ஆண்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் படி இதுவே. பருக்கள் விட்டுச்செல்லும் தழும்புக் கருமை, மங்கு போன்றவை புற ஊதாக் கதிர்களால் மேலும் அடர்த்தியாகின்றன. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட, ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்று குறிப்பிடப்பட்ட சன்ஸ்கிரீனைப் பயன்படுத்த வேண்டும். எஸ்.பி.எஃப். 30 உள்ள சன்ஸ்கிரீனைப் போதிய அளவு பூசினால், அது யு.வி.பி. கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது. எனவே, எஸ்.பி.எஃப். 100 என்ற எண்ணுக்காகக் கூடுதல் பணம் செலவிடத் தேவையில்லை.

முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு தேவை. வெளியிலேயே இருப்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். உணவு விநியோக ஊழியர்கள், கட்டடத் தொழிலாளர்கள், போக்குவரத்துக் காவலர்கள் போன்றோருக்கு இது எப்போதும் இயலாது. அகன்ற விளிம்புள்ள தொப்பி, முழுக்கைச் சட்டை, முகத்தையும் கழுத்தையும் மூடும் பருத்தித் துணி ஆகியவை அவர்களுக்கு ஒருமுறைச் செலவில் நாள் முழுவதும் பாதுகாப்பளிக்கும்.

சவரம் செய்யும்போது

குளித்த பிறகோ வெதுவெதுப்பான நீரில் முகத்தை நனைத்த பிறகோ சவரம் செய்தால் முடி மென்மையாக இருக்கும். நுரை தடவி, முடி வளரும் திசையிலேயே மழிக்க வேண்டும். எதிர்த்திசையில் மிக நெருக்கமாக மழிப்பதால்தான் சுருண்ட முடி தோலுக்குள்ளேயே வளர்ந்து சிறு கட்டிகள் உருவாகின்றன. பிளேடை ஐந்து முதல் ஏழு முறைக்குப் பின் மாற்றிவிட வேண்டும். எரிச்சலூட்டும் ஆல்கஹால் கலந்த ஆஃப்டர் ஷேவுக்குப் பதிலாக மாய்ஸ்சரைசரையே பூசலாம்.

முடிதிருத்தும் நிலையத்தில் சவரம் செய்துகொள்வோர், புதிய பிளேடு தம் கண்ணெதிரே பிரிக்கப்படுவதை உறுதி செய்ய வேண்டும். ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடு மூலம் ஹெபடைடிஸ் பி, சி போன்ற தொற்றுகள் பிறருக்குப் பரவும் அபாயம் உள்ளது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

ஆண்களுக்கெனத் தனியான சிவப்பழகு கிரீம் 2005-ஆம் ஆண்டு இந்தியச் சந்தைக்கு வந்தது. அத்தகைய விளம்பரங்கள் வளர்த்த எதிர்பார்ப்பால், ‘விரைவாக வெளுக்கும்’ கிரீமைத் தேடிப் பலர் மருந்துக் கடைகளை நாடுகின்றனர். அங்கு கிடைக்கும் சில கிரீம்களில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் உள்ளன. தொடக்கத்தில் முகம் பளிச்சென்று தோன்றும். தொடர்ந்து பயன்படுத்தினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரியும். பருக்களும் முகத்தில் தேவையற்ற முடியும் தோன்றும். நிறுத்தினால் சிவந்து எரியும் என்பதால், மீண்டும் அதையே பூச வேண்டிய நிலை ஏற்படுகிறது. படர்தாமரைக்கு இவற்றைப் பூசினால் அரிப்பு மட்டும் தணியும். பூஞ்சைத் தொற்று மேலும் பரவும்.

இந்தப் போக்கைத் தடுக்க, 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மத்திய அரசு 2018-ஆம் ஆண்டு ‘அட்டவணை எச்’ பிரிவின் கீழ் கொண்டுவந்தது. இப்பிரிவில் உள்ள மருந்துகளை மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. டியூபின் மீது ‘ஆர்எக்ஸ்’ குறியீடு இருந்தால், அது அழகுசாதனப் பொருள் அல்ல, மருந்து என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

மற்றோர் அபாயம் பாதரசம். கேரளத்தின் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, ‘மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி’ என்ற சிறுநீரகப் பாதிப்பு கண்டறியப்பட்ட 22 பேரை மருத்துவர்கள் ஆய்வு செய்தனர். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சருமத்தை வெளுக்கச் செய்யும் கிரீம்களைப் பயன்படுத்தியவர்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது. தயாரிப்பாளரின் முகவரி, உரிம எண், மூலப்பொருள் பட்டியல் ஆகியவை இல்லாத கிரீமை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

வீட்டு வைத்தியத்திலும் கவனம்

எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் கொப்பளித்துக் கருமை படியலாம். பருவின் மீது பற்பசை தடவுவதும், சமையல் சோடாவால் தேய்ப்பதும் எரிச்சலையே தரும்.

செலவைக் குறைக்கும் வழிகள்

சீரம், டோனர், ஸ்கிரப் ஆகியவை கட்டாயமல்ல. உறையில் அதிகபட்ச விற்பனை விலையுடன் ஒரு கிராம் அல்லது ஒரு மில்லிலிட்டருக்கான விலையும் அச்சிடப்பட்டிருந்தால், அதை ஒப்பிட்டு வாங்கலாம். புதிய பொருளை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சில நாட்கள் பூசிப் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லையெனில் முகத்துக்குப் பயன்படுத்தலாம். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். வாரந்தோறும் கிரீமை மாற்றுவதே பெரிய வீண் செலவு.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

வலியுள்ள பெரிய பருக்கள், குழித் தழும்புகள், பரவும் அரிப்பு, உணர்ச்சியற்ற வெளிர் திட்டுகள், வடிவமோ நிறமோ மாறும் மச்சம், ஆறாத புண் ஆகியவை இருந்தால் தோல் நோய் மருத்துவரை அணுக வேண்டும். உணர்ச்சியற்ற திட்டு தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கான சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படுகிறது. ஸ்டீராய்டு கிரீமை நீண்ட நாட்களாகப் பயன்படுத்துவோர் அதைத் தாமாகத் திடீரென நிறுத்தாமல், அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்வது அவசியம்.