நட்பும் பதிவேடும்: தமிழகக் காவல் நிலையத்தில் நம்பிக்கையின் இடம்

காவல்துறை மீது மக்களுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்ற பேச்சு எழும்போதெல்லாம், நெருங்கிப் பழகுவதே தீர்வாக முன்வைக்கப்படுகிறது. கபடிப் போட்டி, சிறுவர் மன்றம், குறைகேட்பு முகாம் எல்லாம் அந்த வகை. தமிழகத்தில் இந்த எண்ணத்துக்கு அமைப்பு வடிவம் தந்தவர் பிரதீப் பிலிப். இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்தபோது, 1993இல் ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். பின்னர் அது மாநிலமெங்கும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் கொடூரமாகத் தாக்கப்பட்டு இறந்தபோது, அந்த இயக்கத்தின் தன்னார்வலர்கள் சிலரும் உடனிருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு அதை மறுத்தது. ஜூலையில் அரசு அதற்குத் தடை விதித்தது.

அந்தக் குற்றச்சாட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், அடிப்படையில் ஒரு கோளாறு மிஞ்சுகிறது. நிலையத்தின் நண்பராக வருபவர் பெரும்பாலும் ஊரில் ஏற்கெனவே சொல் செல்லுபவர். சைக்கிள் திருடு போனதென்றோ, கணவன் அடித்தானென்றோ தனியே வந்து ‘ரைட்டர்’ மேசை முன் நிற்பவருக்கு அந்த நட்பால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது தன்னை மறுக்க முடியாதபடி செய்யும் ஒரு காகிதம். காவலரை நம்பாமலிருக்கவும், அப்படி இருந்தும் ஆபத்தின்றி வீடு திரும்பவும் வழியுள்ள இடத்தில்தான் நம்பிக்கை முளைக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சட்டத்தின் வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855இல் அறிக்கை அளித்தது. வரி வசூலும் காவல் அதிகாரமும் ஒரே கையில் இருந்ததை அது முக்கியக் கேடாகக் கண்டது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனிக் காவல்துறை உருவானது. 1872இன் சாட்சியச் சட்டமோ, காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது. இன்றைய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி நீடிக்கிறது. ஆக, காவல்துறை மீதான அவநம்பிக்கை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பாமரரின் அறியாமையாகக் காட்டுவது நேர்மையல்ல.

சாத்தான்குளத்தில் உண்மையை வெளிக்கொணர்ந்தவையும் பதிவுகளும் சாட்சியமுமே. விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவரின் அறிக்கை ஒரு சிறு தொழில்நுட்பச் செய்தியைச் சொன்னது: கண்காணிப்புக் கேமராவின் வன்தட்டில் 1 டெராபைட் இடமிருந்தும், பதிவுகள் அன்றாடம் தானே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. கேமரா இருந்தது, நினைவு இல்லை. தடயங்களைக் காக்க, நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1855இன் ஆணையர்கள் எந்தத் துறையிலிருந்து காவலைப் பிரிக்கச் சொன்னார்களோ, அதே துறையிடமே காவல் நிலையம் ஒப்படைக்கப்பட்டது!

அன்றாட நிலைமை இதைவிடச் சாதாரணமானது, அதனாலேயே முக்கியமானது. முதல் தகவல் அறிக்கைக்குப் பதில் சி.எஸ்.ஆர். (சமூகப் பணிப் பதிவேடு) ரசீது கொடுத்து அனுப்பிவிடும் வழக்கத்தைத் தமிழகத்தில் அறியாதவர் குறைவு. ஆனால் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் தெரியவந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. மக்கள் முடிவைவிட, தாங்கள் நடத்தப்படும் முறையை வைத்தே அதிகாரத்தை ஏற்கிறார்கள் என்பது உளவியலாளர் டாம் டைலரின் ஆய்வு முடிவு. திருட்டுப் போன பொருள் கிடைக்காவிட்டாலும், புகார் பதிவானதா என்பதை மனுதாரர் மறப்பதில்லை.

புகாரைப் பதிவு செய்யாத காவலர் மீது எங்கே முறையிடுவது? மாநிலக் காவல்துறைப் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை ஏற்க வேண்டுமென 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழகத்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் உள்துறைச் செயலரைத் தலைவராக்கி, காவல்துறைத் தலைமை இயக்குநரையும் உறுப்பினராக்கியது. புகாருக்கு உள்ளானவரின் மேலதிகாரியே விசாரிப்பவர் வரிசையில் அமர்ந்தால் மனு எழுதவே கை வராது.

இதே குறை காவலருக்குள்ளும் உண்டு. காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தும் ஆர்டர்லி முறையை ஒழிக்கும் ஆணை 1979இலேயே வந்தும், அதைச் செயல்படுத்தச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்றம் வலியுறுத்த நேர்ந்தது. அதிகாரியின் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர் யாரிடம் முறையிடுவார்? சாத்தான்குளத்தில் தாக்குதல் நடந்த இரவில் கண்டதை நடுவரிடம் சொன்னவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர். சக காவலர்களுக்கு அஞ்சியபடியே அவர் சாட்சியமளித்தார். பிறகு அவர் வீட்டுக்குப் பாதுகாப்பளிக்க நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.