கிரேசி மோகனின் நகைச்சுவை எழுத்து: மலாக்காவிலிருந்து ஒரு பார்வை

தமிழ் நாடக வரலாற்றை எழுதுவோர் சங்கரதாஸ் சுவாமிகளையும் பம்மல் சம்பந்த முதலியாரையும் விரிவாகப் பேசிவிட்டுச் சபா நகைச்சுவை நாடகங்களை ஒரு பத்தியில் கடந்து செல்வது வழக்கம். தொலைக்காட்சிக்கென நகைச்சுவை எழுதியவர்களுக்கோ அந்த ஒரு பத்தியும் கிட்டுவதில்லை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைத்தார் என்பதை வகுப்பறையில் கற்பிக்கும் நாம், நம் காலத்து நகையை ஆய்வுப் பொருளாகக் கொள்ளத் தயங்குகிறோம். இத்தயக்கத்தின் பின்னணியில் கிரேசி மோகனின் வாழ்வையும் எழுத்தையும் நோக்குவது தகும்.

மோகன் 1952ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பிறந்தார். சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் பயின்றார். அங்கு மாணவராக இருந்த 1972இல், கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்காக வங்கிக் கொள்ளையைப் பற்றிய குறுநாடகம் ஒன்றை எழுதினார். அதற்குப் பரிசு வழங்கியவர் கமல்ஹாசன். பின்னாளில் இருவரும் இணைந்து பணியாற்றப் போவதை அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். படிப்பு முடிந்ததும் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே நாடகம் எழுதினார். 1976இல் எஸ்.வி. சேகரின் நாடகப்பிரியா குழு மேடையேற்றிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' அவருக்குப் பெயரோடு அடைமொழியையும் தந்தது. 1979இல் 'கிரேசி கிரியேஷன்ஸ்' என்னும் சொந்தக் குழுவைத் தொடங்கினார். அவருடைய தம்பி மாது பாலாஜி அக்குழுவின் முதன்மை நடிகரானார். 'மேரேஜ் மேட் இன் சலூன்' என்ற நாடகத்தை 1983இல் கே. பாலசந்தர் 'பொய்க்கால் குதிரை' எனப் படமாக்கினார். திரையுலகில் அவர் நுழைந்த வழி இதுவேயாகும்.

அவருடைய நாடகங்களில் தலைவன் பெரும்பாலும் மாது, தலைவியோ எப்போதும் ஜானகி. தம்மைப் பள்ளிப்பருவத்தில் மேடையேற்றிய ஆசிரியையின் பெயரையே அவர் தம் தலைவியர்க்குச் சூட்டினார். ஆசிரியர்களாகிய நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது. ஆனால் அந்த ஜானகிகள் பலரும் மாதுவின் குழப்பத்தை வியந்து நிற்பவர்களாகவே அமைந்துவிட்டனர். ஆசிரியையின் பெயர் நிலைத்த அளவிற்கு அப்பெயருடைய பாத்திரங்கள் வளரவில்லை என்பதே நம் கருத்து.

'அபூர்வ சகோதரர்கள்' (1989), 'மைக்கேல் மதன காமராஜன்' (1990), 'சதிலீலாவதி' (1995), 'அவ்வை சண்முகி' (1996), 'பஞ்சதந்திரம்' (2002) முதலிய படங்களின் உரையாடல்களால் அவர் பெரும்புகழ் எய்தினார். சின்னத்திரையிலும் அவருடைய நாடகங்களும் தொடர்களும் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்றன் பெயர் 'விடாது சிரிப்பு'. அக்காலத்தில் மக்களை அச்சுறுத்திய 'விடாது கருப்பு' என்ற மர்மத் தொடரை அறிந்தவர்க்கு ஒரு சொல்லை மாற்றியதிலேயே பாதி நகைச்சுவை முடிந்துவிடும். அவருடைய முறை முழுவதும் இத்தலைப்பில் அடங்கியிருக்கிறது எனலாம்.

நகை தோன்றும் களங்களாகத் தொல்காப்பியம் கூறும் நான்கில் எள்ளலை மோகன் மிகக் குறைவாகவே கையாண்டார். பேதைமையும் மடமையுமே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. ஒருவர் ஒரு பொருளில் சொல்ல, மற்றவர் வேறு பொருளில் கேட்கிறார். அந்தப் பிழையைத் திருத்த முயலும் மூன்றாமவர் மேலும் ஒரு பிழை செய்கிறார். 'சபாபதி' நாடகத்தில் எசமானையும் வேலைக்காரனையும் வைத்துச் சம்பந்த முதலியார் வளர்த்த கலை இது. 2002இல் வந்த 'பம்மல் கே. சம்பந்தம்' என்னும் படத்தின் பெயர் அந்த முன்னோரை நினைவூட்டுகிறது. அப்படத்திற்கு மோகன் உரையாடல் எழுதியது பொருத்தமே.

மலாக்காவிலுள்ள நமக்கு இதில் என்ன தொடர்பு என்று வினவலாம். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டது முதல் இம்மாநிலத்தின் தோட்ட வாழ்வு தொடங்குகிறது. பால்மரக் காடுகளுக்கு வந்த தமிழர், கோயில் திருவிழாக்களில் கூத்தையும் நாடகத்தையும் நடத்தினர். பபூன் இல்லாத நாடகம் அவர்களுக்கு நாடகமாகத் தோன்றியதில்லை. 1963 டிசம்பர் 28இல் இந்நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. 1980களில் ஒளிநாடாக்கள் தோட்ட லயன்களுக்கும் வந்து சேர்ந்தன. 1996இல் ஆஸ்ட்ரோ தொடங்கிய பின் வானவில் அலைவரிசை வீடுகளுக்குள் நுழைந்தது. சென்னை நடுத்தரக் குடும்பத்துப் பேச்சு ஜாசினிலும் அலோர்காஜாவிலும் கேட்கப்பட்டது இவ்வாறுதான்.

அப்பேச்சு இங்குள்ளோர்க்கு அயலாகவே இருந்திருக்க வேண்டும் என நாம் எதிர்பார்ப்போம். உண்மையில் அது தடையாகவில்லை. மோகனின் சிரிப்புத் தெருவையோ சாதியையோ பெரிதும் சார்ந்ததன்று. அது செவியைச் சார்ந்தது. தமிழும் மலாயும் ஆங்கிலமும் நாள்தோறும் மோதிக்கொள்ளும் சூழலில் வளர்ந்தவர், ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியின் ஒலியாகக் கேட்டுத் தடுமாறுவதை வீட்டிலேயே அறிந்தவர். ஆங்கிலமும் தமிழும் உராயும் அவருடைய சிலேடைகள் இங்குள்ள சிறுவர்க்கும் எட்டியதன் காரணம் அதுவே.

இங்கு ஒரு மனக்குறையையும் நாம் பதிவு செய்தாக வேண்டும். 'மைக்கேல் மதன காமராஜ'னில் சாம்பாரில் மீன் விழும் காட்சியில் பாலக்காட்டுத் தமிழ் ஒலிக்கிறது. 'சதிலீலாவதி'யில் கொங்குத் தமிழ் பேசப்படுகிறது. 'தெனாலி'யின் (2000) நாயகன் ஈழத்தமிழ் பேசுகிறான். வட்டார வழக்குகளுக்கு இவ்வாறு திரையில் இடம் கிடைத்தபோது, மலாக்காத் தோட்டங்களில் விளைந்த தமிழுக்கு அத்தகைய இடம் கிட்டவில்லை. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அவற்றில் வாழ்ந்தோர் நகரத் தாமான்களுக்குப் பெயர்ந்தனர். லயன் வீட்டு வாசலில் பேசப்பட்ட கேலிப்பேச்சை நம்முள் எவரும் முறையாகத் தொகுக்கவில்லை. சென்னையில் ஒருவர் தம் வீட்டுப் பேச்சைக் கூர்ந்து கேட்டு எழுதியது போல, நம் மாணவர் ஒருவர் தம் பாட்டியின் பேச்சை எழுதலாம். இதற்கு ஒளிப்பதிவுக் கூடமும் பெருஞ்செலவும் தேவையில்லை.

மோகனின் மற்றொரு முகம் பலரும் அறியாதது. அவர் மரபு வெண்பாவில் தேர்ந்தவர். ரமண மகரிஷியின் வாழ்வை வெண்பாக்களில் பாடினார். நாள்தோறும் வெண்பா எழுதுவது அவருக்குப் பழக்கமாகவே இருந்தது. தளை தட்டாமல் அடுத்த சீரைத் தேடும் பயிற்சியும், ஒரு சொல்லுக்கு எதிர்பாராத மறுபொருளைத் தேடும் பயிற்சியும் அடிப்படையில் ஒன்றே. காளமேகப் புலவரின் சிலேடை வெண்பாக்களைப் படிவம் ஆறு மாணவர்க்குக் கற்பிக்கும்போது மோகனின் உரையாடல் ஒன்றை அருகே வைத்து விளக்கினால், சிலேடை இறந்துபோன அணியன்று என்பது அவர்களுக்கு உடனே விளங்கும்.

2008இல் அரங்கேறிய 'சாக்லேட் கிருஷ்ணா' அவருடைய பிற்கால நாடகங்களுள் பெரும் வரவேற்பைப் பெற்றது. திரையில் புகழ் பெற்ற பின்னும் அவர் மேடையைக் கைவிடவில்லை. 2019ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் சென்னையில் காலமானார்.