பூந்தமல்லிப் பாசறையும் படைவீரரின் ஆன்மகுருவும்

ஜூபிலி விழாக் கொண்டாடும் வேளையில் ஒரு பங்கின் வரலாற்றை எழுதப் புகுவோர், கோவில் எழுந்த விதத்தையும் அதில் பணியாற்றிய குருக்களின் பெயர்களையும் வரிசைப்படுத்துவது வழக்கம். அவை வேண்டியவையே. ஆயினும் நமது ஊருக்குப் பங்குப் பதிவேட்டுக்கு வெளியே நிற்கும் ஒரு வரலாறும் உண்டு. அது படைவீரரின் வரலாறு. அவர்களுக்குத் திருவருட்சாதனங்களை வழங்கிய ஆன்மகுருக்களின் வரலாறு. இந்த மலரில் அதற்கும் இரண்டு பக்கங்கள் ஒதுக்குவது தகும் என எண்ணுகிறோம்.

19ஆம் நூற்றாண்டில் பூந்தமல்லி ஐரோப்பியப் படைவீரர் தங்கும் பாசறை ஊராக இருந்தது. அக்காலத்தார் இதனை 'டிப்போ' என்றனர். சென்னைக் கடற்கரையில் கப்பலிலிருந்து இறங்கிய புதிய வீரர்கள், தத்தம் படைப்பிரிவுக்கு அனுப்பப்படும் வரையில் இங்கே தங்கினர். நோயாலும் காயத்தாலும் இனிப் பணிக்கு உதவார் எனத் தள்ளப்பட்டவர்கள், தாயகம் செல்லும் கப்பலுக்காக இங்கேயே காத்துக் கிடந்தனர். போகிறவனும் திரும்புகிறவனும் ஒரே மரநிழலில் சந்தித்த ஊர் நமது பூந்தமல்லி என்றால் மிகையாகாது.

அவ்வீரர்களில் அயர்லாந்து நாட்டுக் கத்தோலிக்கர் பெருந்தொகையினர். வறுமைதான் அவர்களைக் கம்பெனியின் பட்டாளத்துக்கு விரட்டியது. அந்த நாட்களில் சென்னையின் கத்தோலிக்க மேற்றிராணிமார்களும் அயர்லாந்திலிருந்தே வந்தனர். 1835இல் சென்னை வந்த தானியேல் ஓ'கானர் ஆண்டகையும், அவருக்குப்பின் ஜான் பென்னலி, ஸ்தேவான் பென்னலி ஆகிய ஆண்டகைகளும் அந்நாட்டினரே. தாய்மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்ய ஒரு குரு கிடைப்பது, கடல் கடந்து வந்து காலராவுக்கும் சீதபேதிக்கும் இரையாகிக்கொண்டிருந்த அந்த இளைஞர்களுக்கு எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சென்னையின் பெயரைத் தாங்கிய ஒரு படையின் கதையை இங்கே நினைவுகூர வேண்டும். 1748இல் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் உருவாக்கிய மதராஸ் ஐரோப்பியப் படை, பின்னாளில் 'மதராஸ் பியூசிலியர்ஸ்' எனப் பெயர் பெற்றது. 1881இல் அதுவே 'ராயல் டப்ளின் பியூசிலியர்ஸ்' என்னும் அயர்லாந்துப் படையின் முதல் பட்டாலியன் ஆயிற்று. 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டபோது அந்தப் பட்டாலியன் நமது சென்னை நகரில்தான் இருந்தது. அவ்வாண்டின் இறுதியில் தாயகம் திரும்பிய அதற்கு ஆன்மகுருவாக அமைந்தவர் சங்கைக்குரிய வில்லியம் பின் அடிகளார். 1915 ஏப்ரல் 25ஆம் நாள், துருக்கியின் கல்லிப்போலிக் கரையில் அவ்வீரர்கள் படகுகளில் இறங்கினர். கரையிலிருந்து குண்டுமாரி பொழிந்தது. பின்னால் தங்கியிருக்க வாய்ப்பிருந்தும், மரிக்கிறவன் அருகில்தான் குருவுக்கு இடம் என்று அடிகளார் அவர்களோடு சென்றார். அன்றே அங்கே உயிர் துறந்தார். அவரது கல்லறை அந்தக் கடற்கரையிலேயே உள்ளது.

ஆன்மகுருவின் கையில் ஆயுதம் கிடையாது. போரில் அவரைத் தாக்கலாகாது என்பது நாடுகள் ஏற்றுக்கொண்ட சட்டம். 1949ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தமும் இதனை உறுதி செய்கிறது. ஆனால் பீரங்கிக் குண்டுக்குச் சட்டம் தெரியாது. சிறு பெட்டியில் அடங்கும் திருப்பலிப் பொருட்கள், கழுத்தில் ஒரு ஸ்டோலா, அவஸ்தைப்பூசுதலுக்கான பரிசுத்த எண்ணெய், நற்கருணைச் சிமிழ் இவையே அவரது உடைமைகள். வைக்கோற் கொட்டகையில் திருப்பலி, பதுங்கு குழியில் பாவசங்கீர்த்தனம், காயமுற்றோர் விடுதியில் இரவு முழுவதும் விழிப்பு, விடிந்ததும் அடக்கம் என்றே நாட்கள் கழியும்.

பின் அடிகளார் திரும்பவில்லை. திரும்பி வந்தவர் ஒருவரின் கதை இன்னும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. அவர் சங்கைக்குரிய பிரான்சிஸ் கிளீசன் அடிகளார். 1884இல் பிறந்து 1910இல் குருப்பட்டம் பெற்ற இவர், 1914இல் மன்ஸ்டர் பியூசிலியர்ஸ் என்னும் மற்றோர் அயர்லாந்துப் படைக்கு ஆன்மகுருவானார். அதுவும் கம்பெனியின் வங்காளப் படைகளிலிருந்து வளர்ந்ததே. 1915 மே 8ஆம் நாள் மாலை, பிரான்சு நாட்டில் ஒரு வழியோரச் சிற்றாலயத்தின் அருகே படை நின்றது. மறுநாள் பெருந்தாக்குதல். ஒவ்வொருவராகப் பாவசங்கீர்த்தனம் கேட்க நேரமில்லை. குதிரைமீது அமர்ந்தபடியே ஸ்டோலா அணிந்து, தலை திறந்து நின்ற அனைவருக்கும் அடிகளார் பொதுப் பாவமன்னிப்பு அளித்தார். பிழைத்திருப்பவன் பின்னர்த் தனியே பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. மறுநாள் அந்த வாய்ப்பை இழந்தவர் பலர். படைத் தலைவரும் அவர்களில் ஒருவர். ஆங்கிலேயப் படையில் மடிந்தோரும் காயமுற்றோரும் அந்த ஒரே நாளில் 11,000 பேருக்கு மேல். மத்தானியா என்னும் ஓவியர் தீட்டிய படத்தால் அந்த மாலை நேரம் உலகறிந்தது.

படத்தில் வராத பணி ஒன்றும் உண்டு. அது கடிதம் எழுதுவது. மகன் எப்படி இறந்தான், கடைசியில் குரு அருகில் இருந்தாரா, எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று தாய்மாரும் மனைவியரும் கேட்டு எழுதினர். கிளீசன் அடிகளார் அவர்களுக்கு மறுமொழி எழுதிக்கொண்டேயிருந்தார். அக்குடும்பங்களின் கடிதங்களும் அவரது குறிப்பேடுகளும் டப்ளின் மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. மேடைப் பிரசங்கத்தை விட அரிய பிரசங்கம் அந்தக் கடிதங்கள் என்போம். பொய்யும் சொல்லலாகாது, புண்பட்ட நெஞ்சை மேலும் கிழிக்கவும் கூடாது.

ஓராண்டுக்குப் பின் டப்ளின் திரும்பிப் பங்குப் பணி ஏற்ற அடிகளார், 1917இல் மீண்டும் தாமாகவே களத்துக்குச் சென்றார். போர் முடிந்து ஊர் திரும்பியபோது அந்த ஊர் மாறியிருந்தது. 1916ஆம் ஆண்டு விடுதலைக் கிளர்ச்சிக்குப் பின், ஆங்கிலேயரின் சீருடை அணிந்து போரிட்டவர்களை மக்கள் பாராமுகமாக நோக்கினர். மேளதாளத்தோடு வழியனுப்பியவர்களே வீட்டு வாசலில் மௌனமாயினர். 1922இல் மன்ஸ்டர் படையும், சென்னையில் வேர்விட்ட டப்ளின் படையும் கலைக்கப்பட்டன. மடிந்த அயர்லாந்து வீரர் அனைவருக்கும் பொதுவான நினைவுப் பூங்கா பெல்ஜியத்தின் மெசின் ஊரில் திறக்கப்பட்டது 1998 நவம்பர் 11இல்தான். கிளீசன் அடிகளாரோ போர்ப் பெருமை பேசித் திரியவில்லை, கசந்து ஒதுங்கவுமில்லை. டப்ளின் மாநகரின் பங்குகளில் ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் நடத்தி, 1959இல் இறையடி சேரும் வரை குருத்துவப் பணியிலேயே வாழ்ந்தார். போர்க்களத்தில் ஒருநாள் காட்டும் துணிவு பெரிது. அதனை நெஞ்சில் சுமந்துகொண்டு நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் பீடத்தருகே நிற்பது அதனினும் பெரிது.

அன்புள்ள பங்கு மக்களே! இது அயலார் கதையன்று. நமக்கு அருகே ஆவடியில் இராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளும் விமானப்படை நிலையமும் மத்திய ரிசர்வ் போலீஸ் முகாமும் உள்ளன. 1986இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் படைவீரருக்கான தனி மறைமாவட்டங்களுக்கு ஒழுங்குமுறை வகுத்தார். ஆனால் இந்தியாவில் அத்தகைய மறைமாவட்டம் இல்லை. நம் இராணுவத்தில் சமய ஆசிரியர்களாகக் கிறிஸ்தவப் போதகர்கள் இருப்பினும், விடுமுறையில் வருகிற வீரனுக்கும் ஓய்வு பெற்று வருகிற வீரனுக்கும் ஆன்ம வீடு அவனது ஊர்ப் பங்கே. எல்லையில் தோழனை இழந்து வந்தவன், ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் தூணோரம் நிற்கக்கூடும். "எப்போது வந்தாய், தம்பி?" என்று ஒருவர் கேட்டால் போதும், பாதி பாரம் இறங்கும். அவன் சொல்ல விரும்பாததைக் கிளறாமலும், சொல்ல விரும்பும்போது அவசரப்படாமலும் கேட்க வேண்டும். கணவனை அனுப்பிவிட்டுத் தனியே பிள்ளைகளை வளர்க்கும் பெண்களையும் அன்பியக் கூட்டங்களில் மறந்துவிடலாகாது.

ஒரு காலத்தில் நமது ஊர் நோயுற்ற வீரர்களைக் கப்பல் வரும் வரை தாங்கிய இடம். அந்தப் பழைய விருந்தோம்பலை நமது பங்கு தன் மரபாகக் கொள்ளட்டும். இந்த ஜூபிலி ஆண்டில் சகல ஆத்துமாக்கள் திருநாளன்று, போரில் மடிந்த வீரர்களுக்காகவும், அவர்களுக்கு இறுதி ஆசீர் அளித்த குருக்களுக்காகவும், இன்று வீடு திரும்பி நம்மிடையே மௌனமாக வாழ்வோருக்காகவும் ஒரு திருப்பலி ஒப்புக்கொடுப்போமாக. சமாதானத்தின் ஆண்டவர் அனைவருக்கும் தம் இளைப்பாற்றியை அருள்வாராக!