காதல் வனத்து மரங்கள்

பாரீஸ் நகரின் ஒர்சே அருங்காட்சியகத்தில் ஒரு சிறு மரப்பலகை இருக்கிறது. உயரம் 27 செ.மீ.; அகலம் ஏறத்தாழ 22 செ.மீ. சுருட்டுப் பெட்டியின் மூடி என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அது வெறும் கதையே. அதன்மேல் எண்ணெய் வண்ணத்தில் ஒரு காடு. முதற்பார்வைக்குக் காடென்றே தெரியாது. மஞ்சளும் நீலமும் செம்மையும் திட்டுத் திட்டாய் நிற்கும். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் ஆற்றங்கரை மரங்கள், குறுக்கே ஒரு பாதை, வலப்புறம் ஓர் ஆலைக்கட்டடம், கீழே நீரில் விழுந்த நிழல் ஆகியவை ஒவ்வொன்றாய் எழுந்து வரும்.

ஆண்டு 1888, அக்டோபர் மாதம். பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியில் போன்-அவென் என்னும் சிற்றூர். அதனருகே ‘காதல் வனம்’ எனப்படும் சோலை. அங்கே 23 வயது மாணவர் போல் செருசியே பலகையுடன் அமர்ந்தார். அருகில் நாற்பது வயது கோகான். இம்ப்ரெஷனிச ஓவியர்கள் கணந்தோறும் மாறும் ஒளியைத் துரத்தினார்கள். கண்டதை உள்ளம் எவ்வாறு ஏற்றதோ அவ்வாறு தீட்டவேண்டும் என்பது கோகானின் கொள்கை. மரம் மஞ்சளாய்த் தோன்றுகிறதா, உன்னிடமுள்ள மிக நல்ல மஞ்சளை வை; நிழல் நீலமென்றால் கலப்பற்ற நீலத்தையே வை என்று அவர் வழிகாட்டியதாகப் பின்னாளில் மொரீஸ் தெனி எழுதினார்.

பலகை பாரீசுக்குச் சென்றது. தெனி, பொன்னார் முதலிய தோழர்கள் அதற்குத் ‘தாயத்து’ என்று பெயரிட்டார்கள். தங்களை ‘நபி’கள் என்று அழைத்துக்கொண்டார்கள். இறைவாக்கினரைக் குறிக்கும் எபிரேயச் சொல் அது. நம் இஸ்லாமிய அன்பர்கள் வழங்கும் சொல்லும் அதன் உடன்பிறப்பே.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. அதே 1888-இல் கோகான் வேறொரு படம் வரைந்தார். மறையுரை கேட்டுத் திரும்பும் பெண்கள், யாக்கோபு வானதூதரோடு போராடுவதைக் காண்கிறார்கள், தரையோ முழுச்சிவப்பு. அதனை அருகிலிருந்த நிசோன் ஆலயத்திற்கு இலவசமாகவே தர முன்வந்தார். பங்குத்தந்தை மறுத்துவிட்டார். இன்று அது எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அந்தக் குருவைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. நம் பீடத்தருகே அப்படியொரு சிவப்பை மாட்டினால் பங்குப் பேரவையில் என்ன கேள்விகள் எழும் என்று அறிந்தவன் நான். நானும் மறுத்திருப்பேன் என்றே அஞ்சுகிறேன்.

ஆயினும் கதவடைத்த ஆலயத்திற்குள் அந்தச் சிறு காடு வேறு வழியாய் நுழைந்தது. நபிகளோடு சேர்ந்த டச்சு இளைஞர் யான் வெர்காதெ, மெனோனைட் குடும்பத்தில் பிறந்தவர். 1892-இல் அதே பிரெத்தாஞ் மண்ணில் கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்றார். பின்பு ஜெர்மனியின் பாய்ரோன் மடத்தில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியாகி, 1902-இல் குருவானார். செருசியே அவரைத் தேடி அம்மடத்திற்குச் சென்றார். அங்குள்ள ஓவியத் துறவி லென்சின் நூலைப் பிரெஞ்சில் பெயர்த்தார். தெனியோ, 1919-இல் தெவல்லியேர் என்ற ஓவியருடன் இணைந்து திருக்கலைக் கூடங்களை நிறுவினார். போரில் இடிந்த ஆலயங்களுக்கு ஓவியம் தேவைப்பட்ட காலம் அது.

தாயத்து பின்னர் தெனியின் கைக்கு வந்தது. 1985-இல் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. பலகையின் பின்புறத்தில், 1888 அக்டோபரில் கோகானின் வழிகாட்டுதலில் செய்யப்பட்டது என்று செருசியே குறித்திருக்கிறார். தம் பெயரை அவர் அதற்குப் பிறகே எழுதினார்.