இந்திய டென்னிஸில் தலைசிறந்த ஆடவர் யார் என்ற விவாதம்

இந்தியாவின் தலைசிறந்த ஆடவர் டென்னிஸ் வீரர் யார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நான்கு பெயர்கள் வந்து நிற்கும்: ராமநாதன் கிருஷ்ணன், விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன், லியாண்டர் பயஸ். முதல் மூவரும் சென்னைக்காரர்கள். அவர்களிலும் இருவர் தந்தையும் மகனும். பயஸ் கொல்கத்தாவில் பிறந்தவர் என்றாலும் சென்னையில் அமிர்தராஜ் நடத்திய பயிற்சிக்கூடத்தில் தேறியவர். ஆகவே தமிழ்நாட்டில் இந்த வாதம் ஏறக்குறைய ஊர்ப்பேச்சாகவே நடந்து வந்திருக்கிறது.

உலக அளவில் இதே கேள்விக்கு ஒரு காலத்தில் ராட் லேவர் என்பதே விடையாக இருந்தது. ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வெல்வதை அவர் இருமுறை, 1962-லும் 1969-லும், செய்தார். பின்னர் விவாதம் பட்டங்களின் எண்ணிக்கைக்கு மாறியது: சாம்ப்ராஸுக்கு 14, ஃபெடரருக்கு 20, நடாலுக்கு 22, ஜோகோவிச்சுக்கு 24. இந்தியாவில் இந்தக் கணக்கு செல்லாது. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டத்தை இந்திய ஆடவர் எவரும் வென்றதில்லை. அதனால் எதை எண்ணுவது என்பதிலேயே இங்கு சண்டை தொடங்கிவிடுகிறது.

விடுதலைக்கு முந்தைய காலத்தில் சொல்லத்தக்க சாதனை கவுஸ் முகமதுவினுடையது. 1939-இல் விம்பிள்டன் காலிறுதிக்குச் சென்ற அவர், அவ்வாண்டு பட்டம் வென்ற பாபி ரிக்ஸிடம் தோற்றார். அதோடு போர் வந்துவிட்டது.

விவாதத்துக்கு உண்மையான தொடக்கம் ராமநாதன் கிருஷ்ணன். 1937-இல் நாகர்கோவிலில் பிறந்த அவருக்குத் தந்தை டி. கே. ராமநாதனே பயிற்சியாளர். 1954-இல் ஆஷ்லி கூப்பரை வீழ்த்தி விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். ஆசியர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல்முறை. 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிக்குச் சென்றார். முதல்முறை நீல் ஃப்ரேசரிடமும் மறுமுறை லேவரிடமும் தோற்றார்; அவரை வென்ற இருவருமே அந்தந்த ஆண்டின் பட்டத்தை எடுத்துக்கொண்டனர். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வென்றது அவரது ஆட்டத்தின் உச்சம். சர்வ் மென்மையானது, பந்தை அடிப்பதைவிட வைப்பதில் கைதேர்ந்தவர். 1962-இல் விம்பிள்டனில் நான்காம் நிலை வீரராக இறங்கி, கணுக்கால் காயத்தால் பாதியில் விலகினார்.

கிருஷ்ணனை முதலிடத்தில் வைக்கத் தயங்குவோர் சொல்வது ஒன்றுண்டு. 1968 வரை பெரும் போட்டிகளில் அமெச்சூர்கள் மட்டுமே ஆடலாம். கொன்சாலஸ், ரோஸ்வால், ஹோட் போன்றோர் பணத்துக்கு ஆடும் தொழில்முறைக் குழுவுக்குப் போய்விட்டதால் 1960-இன் விம்பிள்டனில் அவர்கள் இல்லை. வாதம் நியாயமானதுதான்; ஆனால் லேவரும் எமர்சனும் ஃப்ரேசரும் இருந்த களத்தை எளிய களம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் தொழில்முறைக் குழுவை நடத்திய ஜாக் கிரேமர் பெருந்தொகை பேசி கிருஷ்ணனையும் அழைத்தார். போயிருந்தால் விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் கைவிட்டுப் போயிருக்கும், அவர் மறுத்துவிட்டார்.

அவரை நேரில் பார்த்த தலைமுறை விம்பிள்டனைவிட 1966 டிசம்பரில் கொல்கத்தாவில் நடந்த ஓர் ஆட்டத்தையே அதிகம் பேசியது. பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பை மோதல் 2-2 எனச் சமநிலையில் நின்றது. கடைசி ஒற்றையரில் தாமஸ் கோக் இரண்டுக்கு ஒன்று என்று செட்களில் முந்தியிருந்தார். நான்காம் செட்டிலும் 5-2. ஒரே ஒரு கேம் போனால் இந்தியாவின் கதை முடிந்தது. கிருஷ்ணன் தொடர்ந்து ஐந்து கேம்களை எடுத்து அந்த செட்டை 7-5 என்று முடித்தார், ஐந்தாவதை 6-2 என்று வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிக்குச் சென்றது. மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என வென்றபோதும், கிடைத்த அந்த ஒரு வெற்றி கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப்-ரோச் இணையை இரட்டையரில் வீழ்த்தியதால் வந்தது.

1953-இல் சென்னையில் பிறந்த விஜய் அமிர்தராஜ் முற்றிலும் வேறு உலகில் ஆடியவர். அமெச்சூர் தடை நீங்கியிருந்தது. கணினித் தரவரிசை 1973 ஆகஸ்டில் தொடங்கியது. அதே ஆண்டு விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் அவர் காலிறுதி கண்டார். அமெரிக்காவில் லேவரையே வீழ்த்தினார். அடுத்த ஆண்டு அங்கே போர்கையும் வென்றார். டென்னிஸின் ஏ, பி, சி என்றால் அமிர்தராஜ், போர்க், கானர்ஸ் என்று பத்திரிகைகள் எழுதிய காலம் அது. பின்னிரண்டு எழுத்துகள் உலகின் முதலிடத்துக்கு ஏறின. முதலெழுத்து முதல் இருபதுக்குள் நின்றுவிட்டது. 1979 விம்பிள்டனில் போர்குக்கு எதிராக இரண்டுக்கு ஒன்று என முன்னிலை பெற்றும், 1981 காலிறுதியில் கானர்ஸிடம் முதலிரண்டு செட்களை வென்றும் தோற்றதை அவரது ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. மறுபக்கம், 1984-இல் 82 ஆட்டங்களை வென்று மூன்றில் மட்டுமே தோற்ற மெக்கன்ரோவுக்கு அம்மூன்றில் ஒன்றைச் சின்சினாட்டியில் கொடுத்தவரும் இவரே. 1973 விம்பிள்டனைத் தொழில்முறை வீரர்கள் பலர் புறக்கணித்திருந்தனர் என்பதால், கிருஷ்ணன் மீது வைக்கப்படும் குறை அந்தக் காலிறுதிக்கும் பொருந்தும் என்பது வாதத்தின் சுவையான முரண்.

1974-இல் இந்தியா மீண்டும் டேவிஸ் கோப்பை இறுதியை எட்டியது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறிக் கொள்கையைக் கண்டித்து இந்தியா ஆட மறுத்தது. விஜய், ஆனந்த் சகோதரர்களின் நல்ல காலத்தில் வந்த வாய்ப்பு அப்படிப் போனது.

ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் பிரெஞ்சு, விம்பிள்டன் சிறுவர் பட்டங்கள் இரண்டையும் வென்று, தந்தை கால் நூற்றாண்டுக்கு முன் நின்ற இடத்தில் நின்றார். அப்பாவின் மென்கரமும் மெல்லிய சர்வும் அவருக்கும் வாய்த்தன. ஆனால் மரமட்டைகள் போய் கிராஃபைட் மட்டைகள் வந்து, ஆட்டம் வேகத்துக்கு மாறிய காலம் அது. அந்த நிலையிலும் அமெரிக்க ஓப்பனில் 1981, 1987 ஆகிய ஆண்டுகளிலும் விம்பிள்டனில் 1986-லும் காலிறுதி. 1985-இல் தரவரிசையில் 23-ஆம் இடம். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் உலகின் முதல்நிலை வீரர் மாட்ஸ் விலாண்டர் மீது வெற்றி. 1987 டேவிஸ் கோப்பை அரையிறுதியில், ஆஸ்திரேலியாவின் சொந்தப் புல்தரையான சிட்னியில், முடிவைத் தீர்மானித்த ஐந்தாவது ஆட்டத்தில் வாலி மஸூரை வென்றவர் அவர். இறுதியில் ஸ்வீடன் 5-0 என வென்றது.

பயஸ் வந்தபின் அளவுகோலே மாறியது. ஒற்றையர் தரவரிசையில் அவர் எட்டிய உயரம் 73. மற்ற மூவரோடு ஒப்பிட அது போதாது. ஆனால் இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலும் 18 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் அவர் கணக்கில் உள்ளன. நாட்டுக்காக ஆடும்போது வேறு ஆளாகிவிடுவார்: 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஃபெர்னாண்டோ மெலிஜெனியை வென்று பெற்ற ஒற்றையர் வெண்கலம் இந்திய டென்னிஸின் ஒரே ஒலிம்பிக் பதக்கம். பட்டங்களை எண்ணினால் பயஸ், ஒற்றையரில் தொட்ட உயரத்தைப் பார்த்தால் ராமநாதன் கிருஷ்ணன், தொழில்முறைக் காலத்தின் பெருவீரர்களை வீழ்த்தியதைப் பார்த்தால் அமிர்தராஜ் என்று வாதம் மூன்றாகப் பிரிவது இதனால்தான். இரட்டையரை ஒற்றையரோடு ஒரே தராசில் வைக்க முடியாது என்று கொண்டால், மூத்த கிருஷ்ணனின் தட்டே சற்றுத் தாழ்கிறது.

ரமேஷின் 1987 அமெரிக்க ஓப்பன் காலிறுதிக்குப் பின் இந்திய ஆடவர் எவரும் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் அந்தச் சுற்றை எட்டவில்லை. 2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் உள்ள சர்வதேச டென்னிஸ் புகழரங்கில் பயஸும் அமிர்தராஜும் இடம்பெற்றனர். அந்தப் பெருமை பெற்ற முதல் ஆசிய ஆடவர்கள் இவர்கள். பயஸ் வீரர் என்ற பிரிவிலும், அமிர்தராஜ் ஆட்டத்துக்குப் பங்களித்தவர் என்ற பிரிவிலும் சேர்க்கப்பட்டனர். ராமநாதன் கிருஷ்ணனின் பெயர் அந்தப் பட்டியலில் அப்போது இல்லை.