கரிசல் மண்ணில் கட்டடம்

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரங்களின் கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் எனத் தக்காணமெங்கும் பரவிக் கிடக்கும் கருப்புப் பருத்தி மண்ணும் இதே இனம்தான். இதிலுள்ள மான்ட்மோரிலோனைட் என்ற களிமக் கனிமம் ஏடு ஏடாக அமைந்தது. ஏடுகளுக்கு இடையே நீர் புகப் புக மண் பருத்துக்கொண்டே போகும்.

அதிகம் அடிபடுவது சிறு வீடுகளே. அடுக்குமாடியின் பாரம் மண்ணை ஓரளவு அமுக்கி வைக்கும்; ஒற்றைத்தள வீட்டையோ கரிசல் தூக்கிவிடும். வீட்டுக்கு அடியில் ஈரம் தங்கியிருக்க, சுற்றோரம் கோடையில் காய்ந்து இறங்குகிறது. சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும், கதவுகள் நிலையில் இறுகும். விரிசலில் சிமென்ட் பூசுவது வீண்செலவு; அடுத்த மழைக்கே அது மறுபடி திறந்துகொள்ளும். கோடையில் கடப்பாறை இறங்காத இறுக்கத்தைப் பார்த்து மண்ணை நம்பிவிடக் கூடாது.

கடைக்கால் தோண்டும் முன்பே மண்ணின் குணத்தை அறிய எளிய சோதனை உண்டு. சலித்து உலர்த்திய மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குழாய்களில் போட்டு, ஒன்றில் காய்ச்சி வடித்த நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றுகிறார்கள். மண்ணெண்ணெயில் இந்த மண் உப்பாது. 24 மணி நேரம் கழித்து அதில் 10 மில்லிலிட்டராகவும் நீரில் 20 ஆகவும் மண் நின்றால், உப்பல் 100 விழுக்காடு.

மண்ணைத் திருத்தப் பழகிய வழி சுண்ணாம்பு. உலர்மண் எடையில் பெரும்பாலும் 3 முதல் 8 விழுக்காடு நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து, ஈரப்படுத்தி, திமிசு போடுகிறார்கள். களியில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கால்சியம் வெளியேற்ற, பிசுபிசுப்பு போய் மண் பொலபொலப்பாகிறது. பிறகு மண்ணின் சிலிக்காவோடும் அலுமினாவோடும் சுண்ணாம்பு மெல்ல வினைபுரிந்து இறுகுகிறது. சல்பேட் மிகுந்த மண்ணில் மட்டும் இது ஆபத்து: எட்ரிங்கைட் படிகங்கள் வளர்ந்து, தரை முன்னிலும் மோசமாக உப்பும்.

மண்ணைத் தொடாமல் தப்பிக்கும் வழிகளும் உண்டு. மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.கே. கட்டி, உப்பாத ஒட்டுமண்ணை அடுக்காகப் பரப்பும் முறையை வகுத்தார். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் விரிந்த கான்கிரீட் தூண்களை உருவாக்கியது. பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் மேல்மண்ணைக் கடந்து, பெரும்பாலும் 3.5 மீட்டர் ஆழத்தில் இவை ஊன்றி நிற்கின்றன. தண்டைப்போல் சுமார் இரண்டரை மடங்கு அகலமுள்ள குமிழ், தூண் மேலெழாமல் பிடித்துக்கொள்கிறது.

எந்த முறையைக் கையாண்டாலும் சுவரோரம் நீர் தேங்கக் கூடாது. வெளிப்புறம் சரிவாகத் தளம் போட்டு, கூரைநீரைக் குழாயில் தள்ளிக்கொண்டுபோய் விட வேண்டும். கசியும் கழிவுநீர்க் குழாயை உடனே மாற்ற வேண்டும். பெருமரங்களை வீட்டிலிருந்து விலக்கி நடுவதும் அவசியம், கோடையில் கடைக்காலடி ஈரத்தை வேர்கள் உறிஞ்சிவிடும்.