லாலாகாட் மிதவை வானூர்தி விபத்துகள், 1944

லாலாகாட் மிதவை வானூர்தி விபத்துகள் என்பன இரண்டாம் உலகப் போரில், 1944ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் இரவு, அசாமின் லாலாகாட் வான்களத்திலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட மிதவை வானூர்திகளுக்கு (கிளைடர்) நேர்ந்த தொடர் விபத்துகள் ஆகும். இவை பர்மாவில் சப்பானியப் படைநிலைகளுக்குப் பின்னால் சிண்டிட் படையினரை இறக்கிய தர்ஸ்டே நடவடிக்கையின்போது நிகழ்ந்தன.

பின்னணி

இந்நடவடிக்கையைத் திட்டமிட்டவர் பிரித்தானியத் தளபதி ஆர்ட் விங்கேட். பிலிப் காக்ரன் தலைமையிலான அமெரிக்க முதலாம் வான் கமாண்டோ பிரிவு வானூர்திகளை வழங்கியது. பயன்படுத்தப்பட்ட வாக்கோ சிஜி-4ஏ மிதவை, எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மீது துணி போர்த்தப்பட்டது; எந்திரம் அற்றது. இரு விமானிகளுடன் 13 வீரர்களைச் சுமக்கவல்லது.

இரட்டை இழுவை

வழக்கமாக ஓர் இழுவை வானூர்தி ஒரு மிதவையையே இழுக்கும். இங்கு ஒவ்வொரு டகோட்டாவும் இரண்டு மிதவைகளை நைலான் கயிறுகளால் இழுத்தது. வீரர்கள் கூடுதல் வெடிபொருட்களையும் ஏற்றியிருந்ததால் மிதவைகளின் எடை வரம்பை மீறியது. சின் மலைகளைக் கடக்க ஏறத்தாழ 8,000 அடி உயரம் ஏற வேண்டியிருந்தது. மூடுபனியில் இழுவை வானூர்தியைத் தெளிவாகக் காண இயலாததால், மிதவை முன்னேறும்போது கயிறு தொய்ந்து, பின்னர் திடீரென விறைத்து அறுந்தது.

விபத்துகள்

அன்றிரவு புறப்பட்ட 60க்கும் மேற்பட்ட மிதவைகளில் ஏறத்தாழ பாதியே பிராட்வே எனக் குறிப்பெயரிடப்பட்ட இலக்கை அடைந்தன. ஏனையவற்றுள் சில இந்தியப் பகுதியிலும் சில சப்பானியர் வசமிருந்த காடுகளிலும் விழுந்தன. பிராட்வேயிலும் புல்லுக்குள் மறைந்திருந்த பள்ளங்களில் மிதவைகளின் சக்கரங்கள் முறிந்தன. அவற்றை அகற்றும் முன்னரே பின்வந்தவை மோதின. அங்கு ஏறத்தாழ 30 பேர் உயிரிழந்தனர். தரையிறங்கிய படையின் தளபதி மைக்கேல் கால்வர்ட், மேலும் மிதவைகளை அனுப்ப வேண்டாம் எனக் குறிச்சொல் மூலம் அறிவித்தார்.

விளைவுகள்

உயிர் பிழைத்தோர் ஒரு சிறு புல்டோசரின் துணையுடன் மறுநாள் மாலைக்குள் ஓடுபாதை அமைத்தனர். அன்றிரவே டகோட்டாக்கள் அங்கு இறங்கின. மார்ச் 6 இரவு சௌரங்கி என்ற இரண்டாம் இறங்குதளத்திற்குச் சென்ற மிதவைகள் ஒற்றை இழுவையிலேயே கொண்டு செல்லப்பட்டன. (இப்பெயர் கல்கத்தாவின் புகழ்பெற்ற சாலையினுடையது.) பரவலாகச் சிதறி விழுந்த மிதவைகள், படையினரின் உண்மையான இலக்கு எது என்பதில் சப்பானியரைக் குழப்பின.